ஆஃபர் லெட்டரில் ஒரே ஒரு பெயர்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் மீனம்பாக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். இண்டிகோ விமானங்கள் நாடு முழுக்க ரத்தாகின. 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். பைலட்டுகளின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. ராத்திரியில் இறங்குவது 6 தடவை என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்தது. அந்தப் புதிய விதிக்கு ஈடுகொடுக்கப் போதுமான பைலட்டுகளை வைத்துக்கொள்ளாததால் வந்த வினை. கல்யாணத்துக்குப் போகிறவர்களும் சாவுக்குப் போகிறவர்களும் பெட்டி மேல் உட்கார்ந்திருந்ததை டிவியில் பார்த்தோம்.

அப்போது எங்கள் காட்டுப்பாக்கம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: "நல்ல பைலட் எல்லாம் துபாய், கத்தார்னு பறந்துட்டா இங்க யார் ஓட்டுவா? நன்றி கெட்ட ஜனங்க." அதற்கு ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். அதே குழுவில்தான் மூன்றாவது மாடி பைலட்டின் மனைவியும் இருக்கிறார் என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் ஒன்றும் பதில் எழுதவில்லை.

நன்றி என்ற பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். அரசு மருத்துவக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டு வெளிநாடு போகும் டாக்டரைப் பற்றி அப்படி ஒரு வாதம் வைத்தால் கேட்கலாம், நானும் காது கொடுப்பேன். பைலட் கதை வேறு. 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்குவதற்கும், அதற்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங்குக்கும் இன்றைக்கு 50 லட்சத்துக்கு மேல் ஆகிறது. அது பெரும்பாலும் அப்பா வீட்டை அடமானம் வைத்து எடுத்த கடன். லைசென்ஸ் வாங்கியும் வேலை கிடைக்காமல் வருடக்கணக்கில் கால் சென்டரில் உட்கார்ந்திருந்த பையன்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்த்து நாடு செய்த செலவுக்கு நன்றி எங்கே என்று கேட்பதில் பொருள் இல்லை.

இன்னொரு பக்கம், அவர்களைக் கட்டிவைக்கும் விதி நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., 2017-ல் போட்ட விதிப்படி கமாண்டர் ஒருவர் வேலையை விட வேண்டுமானால் ஒரு வருடம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். துணை விமானிக்கு 6 மாதம். நிறுவனமே சம்மதித்து என்.ஓ.சி. கொடுத்தால்தான் அதற்கு முன்னால் போகலாம். 2023-ல் ஆகாசா ஏர் பைலட்டுகள் சிலர் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போய்விட்டார்கள் என்று அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கலாம். பயணிகள் திடீரென்று நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்ற காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு வருடம் அதிகம் என்றுதான் சொல்வேன். எந்த வெளிநாட்டு நிறுவனம் ஒரு வருடம் காத்திருக்கும்? விமான நிறுவனம் மூடும்போது பைலட்டுக்கு ஒரு வருடம் முன்னால் யாரும் நோட்டீஸ் கொடுப்பதில்லை. கட்டு ஒரு பக்கம்தான் இருக்கிறது.

சரி, பறக்கவே பயப்படும் ஓய்வு பெற்ற கிளார்க்குக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காகிதம் படிப்பதுதான். நான் புதுவையில் பிரெஞ்சில் படித்தவன். அரசு வேலையில் இருந்த காலத்திலேயே மாலை நேரத்தில் பழைய சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள், பாரிசிலிருந்து வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு என் திண்ணைக்கு வருவார்கள். ஒவ்வொரு வருடமும் உயிரோடு இருப்பதற்கான சான்று அனுப்ப வேண்டும். 'செர்த்திஃபிக்கா த வீ' என்பார்கள். அது ஒரு மாதம் தவறினால் பணம் நிற்கும். கடிதத்தின் முதல் பக்கம் எப்போதும் மரியாதையாக இருக்கும், விஷயம் நான்காம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் என்று அப்போது பழகிக்கொண்டேன். மகள் வீட்டோடு காட்டுப்பாக்கம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. குடியிருப்பில் யாருக்காவது வங்கியிலிருந்தோ இன்ஷூரன்சிலிருந்தோ தடிமனாகக் காகிதம் வந்தால் "சாரிடம் காட்டு" என்கிறார்கள்.

அப்படித்தான் மூன்றாவது மாடிக்காரர்களும் வந்தார்கள். அவர் உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் கமாண்டர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ராத்திரி இரண்டரை மணிக்குக் கம்பெனி கார் வந்து கேட்டில் நிற்கும். வாட்ச்மேனைத் தவிர அவரைப் பார்த்துப் பேசியவர்கள் எங்கள் கட்டிடத்தில் குறைவு. மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், 14 வருட சர்வீஸ். எட்டாவதும் நாலாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள். அவருடைய அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவோடு திருமுல்லைவாயலில் சொந்த வீட்டில் இருக்கிறார். துபாயிலிருந்து வேலைக் கடிதம் வந்திருந்தது. பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம்.

கடிதத்தைப் படித்தேன். மாதச் சம்பளம் பெரிய எழுத்தில் இருந்தது. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, கம்பெனியே வீடு கொடுக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு வரம்பு வரை கொடுக்கிறது. எல்லாம் நல்லது. பிறகு நான் தேடியது கடைசியில் கையில் என்ன வரும் என்பதை. அந்த நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டுக்காரருக்குப் பென்ஷன் கிடையாது; வேலை முடியும்போது பணிக்கொடை உண்டு. முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு 30 நாள். பத்து வருடம் வேலை செய்தால் 255 நாள், அதாவது எட்டரை மாதச் சம்பளம். சம்பளம் என்றால் அடிப்படைச் சம்பளம் மட்டும். வீட்டுப்படி, பறக்கும் மணிக்கான படி எதுவும் அதில் சேராது. கூட்டிப் பார்த்ததில் பெரிய எழுத்தில் இருந்த தொகையில் அடிப்படை பாதியை ஒட்டித்தான் வந்தது. சில நிறுவனங்கள் தனியாக பிராவிடன்ட் ஃபண்ட் வைத்திருக்கின்றன, அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள் என்றேன்.

"அதெல்லாம் பார்த்துக்கலாம் சார். இங்க நான் லெஃப்ட் சீட்ல உட்கார்ந்திருக்கேன். அங்க போனா முதல்ல ரைட் சீட்தான். அதுதான் யோசனை" என்றார். விமானத்தில் கேப்டன் இடது பக்கம் உட்காருவார், துணை விமானி வலது பக்கம். ஒரு நிறுவனத்தில் சேர்த்த சீனியாரிட்டியை இன்னொரு நிறுவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. போகும்போதும் வரிசையின் கடைசி, திரும்பி வந்தாலும் பெரும்பாலும் வரிசையின் கடைசி. அரசு வேலையில் இருந்தவனுக்கு சீனியாரிட்டி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அவருடைய கவலை எனக்கு உடனே புரிந்தது.

ஆனால் அரை மணி நேரம் அவருடைய சீட்டைப் பற்றிப் பேசிய பிறகும் டீச்சரின் நாற்காலியைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. நானே கேட்டேன்: "நீங்க என்னம்மா செய்யப் போறீங்க?"

"லீவ் போட்டுப் பார்க்கலாம், கிடைக்கலைன்னா ரிசைன் பண்ணிடுன்னு சொல்றார் அங்கிள்" என்றார்.

"இவ வாங்குற மாதிரி பல மடங்கு கூட வருது சார். அப்புறம் எதுக்கு அவ தாம்பரம் பக்கம் டிரான்ஸ்ஃபர் பயந்துக்கிட்டு இருக்கணும்?" என்றார் கணவர். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மனைவிக்கு ஓய்வு கொடுப்பதாகத்தான் அவர் நினைக்கிறார்.

அரசு ஊழியர் ராஜினாமா செய்தால் அதுவரை செய்த சர்வீஸ் முழுவதும் போய்விடும். நாளைக்குத் திரும்ப வந்து "நான் 14 வருடம் வேலை பார்த்தவள்" என்று சொன்னால், புதிதாகப் பரீட்சை எழுதிப் புதிதாகச் சேரு என்பார்கள், அதுவும் வயது வரம்புக்குள் இருந்தால். சம்பளமில்லா விடுப்பு என்றால் எத்தனை வருடம் கொடுப்பார்கள், அது சர்வீஸில் சேருமா, சீனியாரிட்டி என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். ஆபீசில் யாரோ வாயால் சொன்னது பத்து வருடம் கழித்து உதவாது. அங்கே போய் வேலை தேடலாம் என்றால் அதற்கும் சான்றிதழ்களை எல்லாம் மாநில அரசு, நம் வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று ஒவ்வொரு இடமாக முத்திரை வாங்கித் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். இது எதுவும் அந்த வீட்டில் கணக்கில் வரவே இல்லை. ஆஃபர் லெட்டரில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டால் நான்கு பேரின் வாழ்க்கை முடிவாகிவிடுகிறது.

இப்படி ஒருவர் போட்ட கையெழுத்தில் குடும்பமே இடம் மாறியதை நான் சின்ன வயதில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானாம் சட்டப்படி இந்தியாவுக்கு வந்தன. அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்; இதைத்தான் பிரெஞ்சில் ஒப்சியோன் என்பது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளைகள் எந்த நாட்டுக்காரர்கள் என்பதை அப்பாவின் கையெழுத்து தீர்மானிக்கும், அப்பா இல்லாவிட்டால் அம்மாவின் கையெழுத்து என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் தெருவில் அந்த 6 மாதமும் வேறு பேச்சே கிடையாது. திண்ணையில் ஆண்கள் கூடுவார்கள். பென்ஷன், பாஸ்போர்ட், பிள்ளைகளின் படிப்பு, இந்திய அரசு வேலை, பாட்டன் சைகோனில் சம்பாதித்த கதை எல்லாம் பேசுவார்கள். பெண்கள் உள்ளேயிருந்து காப்பி அனுப்புவார்கள்.

எதிர்வீட்டு சொல்தா எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய மனைவிக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. பல வருடம் கழித்து, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அம்மாவிடம் கேட்டேன்: "அப்பா உங்களைக் கேட்டாரா?" அம்மா சொன்னார்: "கேட்டிருந்தாலும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேக்கலை."

நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் கெட்டுப்போகவில்லை. பேரப்பிள்ளைகள் காலத்திலும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது, மருத்துவ வசதி இருக்கிறது. அந்தக் கையெழுத்து குடும்பத்துக்கு ஒரு நிரந்தர உரிமையை வாங்கிக் கொடுத்தது. வளைகுடா வேலை அப்படியல்ல. கணவரின் விசா நிறுவனத்தின் பெயரில். மனைவி, பிள்ளைகளின் விசா கணவரின் பெயரில். வேலை போனால் குடும்பத்தின் விசாவை முதலில் ரத்து செய்துவிட்டுத்தான் அவருடையதை ரத்து செய்வார்கள். கம்பெனி கொடுத்த வீடும் போகும், பள்ளிக் கட்டணமும் நிற்கும். அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது. அப்பா அம்மா இருவரும் இந்தியர்கள் என்றால் பிறந்த ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டுப் பிறகு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். 1962-ல் அப்பாவிடம் முடிவைக் கொடுத்தது சட்டம். இன்றைக்கு எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை, நாமாகவே வீட்டுக்குள் அந்தப் பழைய ஒப்பந்தத்தை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

"அப்படியானால் போகாதே என்கிறீர்களா?" என்று கேட்டால், இல்லை. இங்கேயே இருப்பது பத்திரம் என்பதும் கதைதான். 1990-களில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நெப்சி ஏர்லைன்ஸ் பறந்தது ஞாபகமிருக்கிறதா? அந்தப் பத்து வருடம் முடிவதற்குள் காணாமல் போனது. பாரமவுன்ட் ஏர்வேஸும் சென்னை நிறுவனம்தான், 2005-ல் ஆரம்பித்து 2010-ல் நின்றது. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் ஒரு வருடம்கூட ஓடவில்லை. 2012-ல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். ஜெட் நிற்பதற்கு முன்னால் பைலட்டுகளுக்கு மாதக்கணக்கில் சம்பளமே வரவில்லை. அப்போது வீட்டுக் கடனையும் பயிற்சிக் கடனையும் கட்டமுடியாமல் தவித்த குடும்பங்களைப் பார்த்தவர்கள், பிறகு அவர்கள் வளைகுடாவுக்கும் வியட்நாமுக்கும் போனதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆகவே இரண்டு பக்கமும் வேலை போகலாம். வேலை போன மறுநாள் காலையில் குடும்பம் எங்கே நிற்கும் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். ஜெட் நின்றபோது சென்னைக் குடும்பம் தன் வீட்டில் நின்றது, ரேஷன் கார்டு அதே முகவரியில் இருந்தது, பிள்ளை அதே பள்ளிக்குப் போனது, மனைவிக்கு வேலை இருந்தால் அந்தச் சம்பளம் வந்தது. 1990-ல் குவைத்தை ஈராக் பிடித்தபோது அங்கே இருபது முப்பது வருடம் நன்றாக வாழ்ந்தவர்கள் ஒரு பையோடு ஜோர்டானின் அம்மான் வரை வந்து சேர்ந்தார்கள். ஏர் இந்தியா இரண்டு மாதத்தில் 488 தடவை பறந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தது. அந்த விமானங்களை ஓட்டியவர்களும் பைலட்டுகள்தான் என்பதை நம் வாட்ஸ்அப் நண்பருக்கு ஞாபகப்படுத்த வேண்டும். 2020-ல் கொரோனா வந்தபோது வளைகுடா விமான நிறுவனங்கள் பைலட்டுகளையும் வேலையைவிட்டு அனுப்பின. பள்ளி நடுவில் நின்ற பிள்ளைகளோடு, விற்க முடியாத காரை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

டீச்சரின் சர்வீஸ் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. அவர் வாங்கும் சம்பளம் கணவரின் சம்பளத்தில் ஒரு மூலைக்குக் காணாது என்பது உண்மைதான். ஆனால் குடும்பத்தில் கணவரின் மெடிக்கல் சான்றைச் சாராத வருமானம் அது ஒன்றே. பைலட் வேலை ஒவ்வொரு மருத்துவப் பரிசோதனையிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணிலோ இதயத்திலோ சர்க்கரையிலோ ஏதாவது சிக்கல் என்றால் தற்காலிகமாகப் பறக்கத் தகுதியில்லை என்று ஒரு வரி எழுதுவார்கள். அதோடு பறக்கும் படி நிற்கும். சர்வதேச விமானச் சேவையில் 65 வயதுக்கு மேல் பெரிய விமானம் ஓட்ட விடமாட்டார்கள். என்னைப் போன்ற சாதாரண கிளார்க் சளி பிடித்தாலும் ஃபைல் பார்த்தேன். அவரால் முடியாது. பல மடங்கு சம்பளக்காரரைக் காப்பாற்றப் போவது ஒரு மடங்கு சம்பளக்காரிதான் என்று சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். இந்தியாவில் பைலட்டுகளில் பெண்கள் சுமார் 15 சதவீதம், உலகத்திலேயே அதிகம் என்கிறார்கள். உங்கள் கம்பெனியிலேயே பெண் கேப்டன்கள் இருப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு இதே கடிதம் வந்து, கணவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தால், "நீங்க ரிசைன் பண்ணிடுங்க" என்று இவ்வளவு சுலபமாக வருமா? இரண்டு பக்கத்துப் பெற்றோரும் உட்கார்ந்து ஆறு மாதம் யோசிப்பார்கள். அந்த யோசனையில் பாதியையாவது இங்கே செய்யுங்கள் என்றேன். டீச்சர் சிரித்துவிட்டார். கணவருக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை.

குடும்பமாகப் போவது, போகாமலே இருப்பது இரண்டுக்கும் நடுவில் வழிகள் இருக்கின்றன. சில வெளிநாட்டு நிறுவனங்கள் பைலட்டுகளை ஒப்பந்தத்தில் எடுத்து, சில வாரம் தொடர்ந்து வேலை, பிறகு சில வாரம் சொந்த ஊர் என்று வைத்துக்கொள்கின்றன. துபாய் நான்கு மணி நேரப் பயணம். முதல் வருடம் அவர் மட்டும் போகலாம், டீச்சர் இங்கே விடுப்பு விதியை விசாரிக்கலாம், கோடை விடுமுறையில் பிள்ளைகள் போய்ப் பார்த்துவரலாம். தனியாக இருப்பதும் சுலபமல்ல. பிரிந்திருந்து கெட்ட குடும்பங்களும் நமக்குத் தெரியும். ஆனால் திருமுல்லைவாயல் வீட்டையோ இந்த ஃப்ளாட்டையோ முதல் இரண்டு வருடத்தில் விற்காதீர்கள் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன்.

பெரிய பிள்ளை எட்டாவது. இங்கே எனக்குப் பழக்கமான ஒரு காகிதம் குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்த பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரி சேர்க்கையில் நேட்டிவிட்டி சர்டிபிகேட் பற்றிக் கேள்வி வராது. நடுவில் வெளியே படித்தால் இந்த மாநிலத்துக்காரர் என்று நிரூபிக்கச் சான்று வேண்டும். கிடைக்காத சான்று ஒன்றுமில்லை, ஆனால் கவுன்சலிங் நேரத்தில் துபாயிலிருந்து பூந்தமல்லி தாலுகா ஆபீசுக்கு ஓடிவர முடியாது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், அப்பாவின் படிப்புச் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றையும் போவதற்கு முன்பே ஒரு ஃபைலில் போட்டு வைக்க வேண்டும். எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு வாயும் இருக்கிறது; அவளையும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். கேட்டார்களா, தெரியாது.

கடைசியாக நம் வயதுக்காரர்களுக்கு. இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு ஒரு பிள்ளையாவது வெளியூரில் இருக்கிறது. நாம் இரண்டு விதமாக நடந்துகொள்கிறோம். சிலர் "என் பையன் துபாய்ல கேப்டன்" என்று கல்யாண வீட்டில் சொல்வதற்காகவே பிள்ளையைத் தள்ளிவிடுகிறோம். சிலர் "நான் இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன், போய்ட்டு வா" என்று சொல்லி, வாசல்படியிலேயே அழுகிறோம். இரண்டும் அவர்கள் முடிவைக் கெடுக்கும். நமக்கு உண்மையில் என்ன தேவை என்பதை முன்கூட்டியே, கண்ணீர் இல்லாமல், சொல்லிவிடலாம். டேங்க் ஃபேக்டரி தாத்தாவுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கிறது, பாட்டிக்கு ராத்திரியில் தனியாக இருக்கப் பயம். மகனிடம் இதைச் சொல்லவே இல்லை, மருமகளிடம்தான் சொல்லியிருக்கிறார்கள். துபாய்க்குப் பெற்றோரையும் கூட்டிக்கொள்ளலாம் என்று மகன் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது வருடா வருடம் புதுப்பிக்கும் விசா, அந்த வயதில் மருத்துவக் காப்பீடு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கவில்லை. தவிர, அவர்களுக்குத் திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயில் மாலை பூஜையை விட்டுவிட்டு வர விருப்பமா என்றும் கேட்கவில்லை.

"அவர் பைலட்தானே அங்கிள், ஏதாவதுன்னா நாலு மணி நேரத்துல பறந்து வந்துடுவார்" என்று டீச்சரே சொன்னார். எல்லோரும் இப்படித்தான் நம்புகிறார்கள். பைலட்டின் ரோஸ்டர் முன்னதாகவே போடப்படுகிறது. நடுவில் எழுந்து வர முடியாது. அவர் வேறொரு கண்டத்தில், இறங்கி ஓய்வு எடுக்க வேண்டிய ஹோட்டலில் இருக்கலாம். ஊழியர்களுக்குக் கிடைக்கும் சலுகை டிக்கெட் பெரும்பாலும் காலி இருக்கை இருந்தால் மட்டும் செல்லும்; பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சென்னை விமானத்தில் காலி இருக்கை ஏது? ஆகவே போவதற்கு முன்னால் உள்ளூரில் யார் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவார்கள், யாரிடம் வீட்டுச் சாவி, எந்த வங்கிக் கணக்கை யார் எடுத்து நடத்தலாம் என்று பெயர் பெயராக எழுதி வையுங்கள். பெற்றோர் கணக்கில் இரண்டு முழு விலை டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாகப் போட்டு, அதை வேறு எதற்கும் எடுக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.